தும்மலுக்கு முந்தும் தசை

தும்மல் வரும்போது உதரவிதானமும் வயிற்றுச் சுவரும் ஒருசேர இறுகுகின்றன. நொடியின் சிறு பகுதிக்குள் வயிற்றுக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடுகிறது. காற்று மூக்கு, வாய் வழியாக வெளியேறிவிடும். அழுத்தமோ கீழேயும் இறங்கிச் சிறுநீர்ப்பையை நெருக்கும். அந்தப் பையில் கால் லிட்டர் சிறுநீர் இருக்கலாம். அங்கிருந்து வெளியே வரும் குழாய், பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். இருந்தும் உடல்நலத்தோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு சொட்டுக்கூடக் கசிவதில்லை. அழுத்தம் வந்து சேரும் முன்பே இடுப்பின் அடியில் உள்ள தசைகள் சுருங்கி வழியை அடைத்துவிடுகின்றன. தசைகளில் எழும் மின் சமிக்ஞைகளைப் பதிவு செய்து பார்த்தவர்கள், இருமலுக்கும் தும்மலுக்கும் சற்று முன்னதாகவே இந்தத் தசைகள் விழித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். நாம் நினைத்துச் செய்யும் வேலை அல்ல இது. தும்மலுக்கான ஆணையை அனுப்பும் நரம்பு மண்டலமே, கீழேயும் கூடவே ஓர் ஆணையை அனுப்பிவிடுகிறது.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பல பெண்களுக்கு இந்த முந்திக்கொள்ளும் திறன் பிசகிப்போகிறது. இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால், மாடிப்படியில் வேகமாக இறங்கினால் உள்ளாடை நனைகிறது. வீட்டில் மூத்தவர்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், “பிள்ளை பெத்தா அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்” என்ற பதில் வருகிறது. சிலருக்குச் சரியாகிவிடுகிறது. பலருக்கு ஆவதில்லை. அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், கல்யாண வீடுகளுக்குப் போவதைத் தவிர்க்கிறார்கள், பேருந்துப் பயணத்துக்கு அஞ்சுகிறார்கள். இது தலைவிதி அல்ல. இந்தத் தசைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். அதுவும் கசிவு தொடங்கும் முன்பே கற்றுக்கொடுத்தால் பலன் கூடுதல் என்பது மருத்துவ ஆய்வுகளில் பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி.

வால் போன பிறகு

இடுப்பெலும்பு அடியில் திறந்த ஒரு வளையம். அந்தத் திறப்பை முன்பக்கத்து அந்தரங்க எலும்பிலிருந்து பின்பக்கத்து வால் எலும்பு வரை மூடியிருக்கும் தசைத் தொகுதிதான் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இவற்றின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்க் குழாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகிய மூன்று வழிகளும் தசைகளின் நடுவே உள்ள இடைவெளி வழியாக வெளியே வருகின்றன. தாங்க வேண்டும், மூட வேண்டும், தேவைப்படும்போது திறக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரண்பட்ட மூன்று வேலைகளையும் ஒரே தசைத் தொகுதி செய்கிறது.

ஆரம்பத்தில் இதன் வேலை இதுவாக இருக்கவில்லை. நாலு காலில் நடக்கும் பாலூட்டிகளுக்கு உள்ளுறுப்புகளின் எடை பெரும்பாலும் வயிற்றுச் சுவரின் மேல் விழுகிறது. இடுப்பின் வாசலுக்கு அவ்வளவு சுமை இல்லை. அங்குள்ள தசைகள் வாலை அசைக்கப் பயன்படுகின்றன. பயந்துபோன நாய் வாலைக் காலிடுக்கில் நுழைத்துக்கொள்வது இந்தத் தசைகளின் உதவியால்தான். நம் முன்னோர்கள் வாலை இழந்து, இரண்டு காலில் நிமிர்ந்தபோது எடை முழுவதும் கீழே இறங்கியது. வாலுக்கு உழைத்துக்கொண்டிருந்த தசைகள், எஞ்சிய வால் எலும்பைப் பற்றிக்கொண்டு உடலைத் தாங்கும் தளமாயின.

இவற்றின் இழைகளில் பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாக்குப்பிடிப்பவை. நாம் உட்கார்ந்திருந்தாலும் நின்றாலும் அவை கொஞ்சம் இறுக்கத்தோடு உழைத்துக்கொண்டே இருக்கும். மீதமுள்ளவை சட்டெனச் சுருங்கிச் சீக்கிரம் களைப்பவை. தும்மலுக்கும் குதிப்பதற்கும் ஓடி வருபவை இவைதான். பயிற்சியில் நீண்ட பிடிப்பும் வேகமான சுருக்கமும் இரண்டுமே இடம்பெறுவதற்குக் காரணம் இந்த இருவகை இழைகளே.

குழாயும் தரையும்

சிறுநீர் எப்படி அடைபடுகிறது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகளிர் நோய் மருத்துவர் ஜான் டிலான்சி 1994-இல் விளக்கினார். தோட்டத்தில் தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயைச் சிமென்ட் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே குழாய் சேற்றில் கிடந்தால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சேற்றுக்குள் புதையுமே தவிர, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சிறுநீர்க் குழாயின் கீழே இருக்கும் இணைப்புத் திசுவும் அதை இழுத்துப் பிடிக்கும் தசையும்தான் தரை. தரை உறுதியாக இருந்தால், இருமலின் அழுத்தமே குழாயைத் தரையோடு நசுக்கி மூடிவிடும். தரை தளர்ந்தால், அதே அழுத்தம் குழாயைக் கீழே தள்ளித் திறந்துவிடும்.

இந்த விளக்கம் ஒரு முக்கியமான நம்பிக்கையைத் தருகிறது. இணைப்புத் திசுவை நாம் நினைத்தபடி இறுக்க முடியாது. தசையை முடியும். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும் எலும்புத்தசை வகையைச் சேர்ந்தது அது. கையை மடக்கும் தசையைப் போலவே உழைப்புக்கு ஏற்பப் பருக்கவும், நேரத்துக்கு வேலை செய்யக் கற்றுக்கொள்ளவும் அதனால் முடியும்.

கர்ப்பமும் பிரசவமும்

கருவுறாத பெண்ணின் கருப்பை சுமார் 70 கிராம் எடை. நிறைமாதத்தில் அது மட்டுமே 1 கிலோவைத் தாண்டும். குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் எல்லாம் அதற்கு மேல். சிறுநீரகங்கள் ரத்தத்தை வடிகட்டும் அளவும் ஏறத்தாழ 50 விழுக்காடு கூடிவிடுவதால் பை அடிக்கடி நிறைகிறது. ஹார்மோன்கள் இணைப்புத் திசுக்களை இளக்குகின்றன. எடை கூடுகிறது, நீர் கூடுகிறது, தரை இளகுகிறது. பிரசவத்துக்கு முன்பே கசிவு தொடங்கிவிடுவது இதனால்தான்.

உடல் இதற்குச் சும்மா இருப்பதில்லை. ஆய்வாளர் மரியானா ஆல்பெரின் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற எலிகளின் இடுப்புத் தளத் தசைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தசையிழையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் மிகச் சிறிய சுருங்கும் அலகுகள் கர்ப்ப காலத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தன. இழைகள் உண்மையாகவே நீண்டிருந்தன. குட்டி வெளியே வரும் நாளுக்காகத் தசை முன்கூட்டியே தன்னை நீட்டி வைத்துக்கொள்கிறது.

மனிதப் பிரசவத்தில் எவ்வளவு நீட்சி தேவைப்படுகிறது என்பதை மிச்சிகன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் கணக்கிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். குழந்தையின் தலை வெளிவரும்போது, தளத் தசையின் உட்புற விளிம்பு அதன் இயல்பான நீளத்தைப்போல 3.26 மடங்கு நீள வேண்டியிருக்கிறது. கை, கால் தசைகள் சேதமில்லாமல் தாங்கக்கூடியது ஏறத்தாழ 1.5 மடங்கு. பெரும்பாலான பெண்களின் தசை இந்த நீட்சியைத் தாங்கி மீண்டுவிடுகிறது என்பது நம்மை வியக்க வைக்க வேண்டும். சிலருக்குத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. சிலருக்கு அதற்குச் செல்லும் நரம்பு நசுங்குகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில், குறிப்பாக ஃபோர்செப்ஸ் பயன்படுத்தியவற்றில், இந்த ஆபத்து அதிகம்.

அப்படியானால் சிசேரியன் செய்துகொண்டால் பிரச்சினையே இல்லையா? நார்வேயில் 15,307 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2003-இல் வந்தது. பிள்ளை பெறாதவர்களில் 10.1 விழுக்காட்டினருக்குக் கசிவு இருந்தது. சிசேரியன் மட்டுமே ஆனவர்களில் அது 15.9 விழுக்காடு, சுகப்பிரசவம் மட்டுமே ஆனவர்களில் 21 விழுக்காடு. அறுவை சிகிச்சை ஆபத்தைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. மாதக்கணக்கில் சுமந்ததற்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே எந்த வழியில் குழந்தை பிறந்தாலும் இந்தத் தசைகளைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஊசி காட்டிய பாடம்

பிரிட்டனின் நடனக் கலைஞரும் பிசியோதெரபிஸ்டுமான மார்கரெட் மோரிஸ் 1936-இல் மகப்பேற்றுக்கான உடற்பயிற்சிகள் பற்றி நூல் எழுதினார். இடுப்புத் தளத்தை இறுக்கித் தளர்த்துவதும் அவற்றுள் ஒன்று. உலகம் முழுக்கப் பரவிய பெயரோ அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகலுடையது. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன தசைகளைப் படிப்படியான பயிற்சியால் மீட்பது பற்றி அவர் 1948-இல் கட்டுரை வெளியிட்டார்.

இறுக்கச் சொன்னதைக் காட்டிலும், சரியாக இறுக்குகிறோமா என்று அந்தப் பெண்ணே பார்க்கும்படி செய்ததுதான் கெகலின் பெரிய பங்களிப்பு. கண்ணுக்குத் தெரியாத, பலர் ஒருநாளும் உணர்ந்தே பார்த்திராத தசை இது. பிறப்புறுப்புக்குள் வைக்கும் காற்றடைத்த சிறு ரப்பர் பையை அழுத்தமானியோடு இணைத்தார் கெகல். தசை சுருங்கினால் ஊசி நகரும். ஊசியைப் பார்த்துப் பார்த்துத் தன் உடலுக்குள் எங்கே இறுக்க வேண்டும் என்பதைப் பெண் கற்றுக்கொண்டாள்.

பின்னாளில் பயிற்சியின் பெயர் மட்டும் பரவி, இந்தக் கற்பித்தல் கழன்றுபோனது. வாய்மொழியாக மட்டும் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்து 47 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 1991-இல் வந்தது. சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர்தான். நான்கில் ஒருவர், கசிவை மேலும் தூண்டக்கூடிய விதத்தில், உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார். “கெகல் செஞ்சேன், ஒண்ணும் சரியாகல” என்று சொல்பவர்களில் பலர் தவறான தசையோடு மல்லுக்கட்டியிருக்கக்கூடும்.

வருமுன் காத்தல்

கர்ப்ப காலத்திலேயே சரியாகக் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா என்ற கேள்விக்குத் தெளிவான விடை நார்வேயிலிருந்து வந்தது. பிசியோதெரபிஸ்ட் சிவ் மார்க்வெட்டும் கரி பூவும் சகாக்களும் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த 301 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கர்ப்பத்தின் 20-ஆவது வாரம் தொடங்கி 12 வாரப் பயிற்சி: வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்டோடு கூட்டாக; வீட்டில் தினமும் இருமுறை, ஒவ்வொரு முறையும் 8 முதல் 12 சுருக்கங்கள். சரியான தசைதான் சுருங்குகிறதா என்று முதலிலேயே பரிசோதித்து உறுதி செய்துகொண்டார்கள். மற்ற குழுவுக்கு வழக்கமான மருத்துவ ஆலோசனை மட்டும்.

36-ஆவது வாரத்தில் பயிற்சி பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்குக் கசிவு இருந்தது. மற்றவர்களில் 48 விழுக்காடு. பிரசவமாகி மூன்று மாதம் கழித்து இந்த எண்கள் 20 என்றும் 32 என்றும் இருந்தன. ஊசியில்லை, மருந்தில்லை, அறுவையில்லை.

உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு இன்னொன்றையும் காட்டியது. கசிவு இல்லாத நிலையில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியை ஆரம்பித்தவர்களுக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கசிவு வரும் வாய்ப்பு 62 விழுக்காடு குறைந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய 3 முதல் 6 மாத காலத்தில் 29 விழுக்காடு குறைந்தது. ஏற்கெனவே கசிவு வந்துவிட்ட கர்ப்பிணிகளுக்கு இதே பயிற்சியால் என்ன பலன் என்பதற்கான சான்றுகள் இந்த அளவுக்கு உறுதியாக இல்லை. அவர்களுக்குப் பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளல்ல. பிரசவமாகிப் பல காலமான பெண்களின் கசிவுக்கு உலகெங்கும் முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது இந்தப் பயிற்சிதான். ஆனால் பயிற்சியை முன்பே தொடங்குவதன் அருமை இந்த எண்களில் தெரிகிறது.

“தசையை இறுக்கிப் பழகினால் பிரசவம் கஷ்டமாகிவிடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன நார்வே பெண்களின் பிரசவங்களையே ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றவர்களில் முக்கும் கட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது குறைவாகவே இருந்தது. கட்டுப்பாட்டுக்கு வந்த தசைக்கு இறுகவும் தெரியும், தளரவும் தெரியும்.

செய்யும் முறை

படுத்தோ உட்கார்ந்தோ உடலைத் தளர விடுங்கள். காற்று பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயையும், சிறுநீரை அடக்குவதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து, உள்ளேயும் மேலேயும் இழுங்கள். தொடை, பிட்டம், மேல்வயிறு இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கவே கூடாது. இழுக்கும்போது மூச்சை மெல்ல வெளியே விடுவது எளிது. மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானத்தோடு தளமும் சற்றுக் கீழிறங்கும், வெளிவிடும்போது மேலேறும் என்பதால் இரண்டும் இசைந்து போகும்.

6 முதல் 8 நொடி பிடித்து, முழுமையாகத் தளர்த்தி, அதே அளவு நேரம் ஓய்வு. முதலில் 3 நொடிதான் பிடிக்க முடிகிறதென்றால் அங்கிருந்து தொடங்கலாம். இப்படி 8 முறை. கூடவே சட்டென இறுக்கிச் சட்டென விடும் வேகச் சுருக்கங்கள் சில. ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் தரும் வழிகாட்டுதல். முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது; தசை பருப்பதற்கு மாதங்கள் ஆகும். அதனால் இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடக் கூடாது.

இதோடு சேர்த்துப் பழக வேண்டியது, இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் தளத்தை இறுக்கி, பிறகு இருமுவது. குடம் தூக்கும் முன், குழந்தையை வாரி எடுக்கும் முன், எழுந்து நிற்கும் முன் இதையே செய்யலாம். லேசான கசிவு இருந்த பெண்களுக்கு இந்த உத்தியைக் கற்றுக்கொடுத்தபோது, ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது வெகுவாகக் குறைந்ததை 1998-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தசை பலமாவதற்கு ஒரு வாரம் போதாது. உடல் தானாகச் செய்துவந்த அந்த முந்திக்கொள்ளும் வேலையை அவர்கள் அறிந்து செய்யக் கற்றிருந்தார்கள்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். பை முழுதாகக் காலியாவதை அது கெடுக்கும். யோகத்தில் வரும் மூலபந்தமும் இதே இடத்தைத்தான் இறுக்குகிறது. என்றாலும் அதை மூச்சை உள்நிறுத்திச் செய்யும் முறைகளைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. மலச்சிக்கலையும் நாட்பட்ட இருமலையும் கவனியுங்கள். தினமும் முக்குவதும் இருமுவதும் பயிற்சியின் பலனைத் தின்றுவிடும். பிரசவத்துக்குப் பிறகு, சிறுநீருக்குக் குழாய் பொருத்தியிருந்தால் அதை எடுத்த பின், வலி இல்லாத அளவுக்கு மெல்லத் தொடங்கலாம்.

கர்ப்ப காலத்தில் தெளிந்த நீர் கசிந்துகொண்டே இருந்தால் அது பனிக்குட நீராக இருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எரிச்சல், ரத்தம், காய்ச்சல், சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, உடலுறவில் வலி ஆகியவை இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தளத் தசை அளவுக்கு மீறி இறுகியிருப்பதே சிக்கலாக இருக்கும். அவர்களுக்கு முதலில் தேவை தளர்த்தும் பயிற்சி.

சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம்

1990-இல் கரி பூ வெளியிட்ட ஓர் ஆய்வில், கசிவு இருந்த பெண்களை இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் தாமே செய்தார்கள். இன்னொரு பகுதியினர் வீட்டுப் பயிற்சியோடு வாரம் ஒருமுறை பயிற்சியாளரோடு தீவிரமாகவும் செய்தார்கள். ஆறு மாதத்தில், கசிவு நின்றுவிட்டது அல்லது ஏறத்தாழ நின்றுவிட்டது என்று சொன்னவர்கள் முதல் பகுதியில் 17 விழுக்காடு, இரண்டாவதில் 60 விழுக்காடு. வீட்டுப் பயிற்சி ஒன்றுதான்; பயிற்சியாளரோடு செய்த தீவிரப் பயிற்சியும், கூட ஒருவர் இருந்து திருத்தியதும் ஊக்கியதும்தான் வித்தியாசம். பிரான்சில் பிரசவமான பெண்களுக்கு இந்தத் தசைகளை மீட்கும் பயிற்சிக்கான செலவை அரசு மருத்துவக் காப்பீடே ஏற்கிறது.

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதிவு செய்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தடுப்பூசி போட்டு, பிரசவம் வரை பின்தொடர கிராம சுகாதாரச் செவிலியர்கள் இருக்கிறார்கள். பெண்களின் வீட்டு வாசல் வரை போகிற இந்த ஏற்பாட்டில் தளத் தசைப் பயிற்சியையும் சேர்க்கப் பெரிய கருவியோ பெரும் பணமோ தேவையில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவர், சரியாகச் செய்கிறாளா என்று கேட்டுத் திருத்தப் பத்து நிமிடம், அடுத்த முறை வரும்போது “செய்றியாம்மா?” என்று ஒரு விசாரிப்பு போதும்.

அதுவரை கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அடுத்த பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணி, மருத்துவரிடமோ செவிலியரிடமோ, “இடுப்புத் தளப் பயிற்சி எப்போ ஆரம்பிக்கலாம், நான் சரியா செய்றேனான்னு யார் பார்ப்பாங்க?” என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். கூடப் போகும் கணவரும் மாமியாரும் அக்காவும் அந்தக் கேள்விக்குத் துணை நிற்கட்டும். கசிவு தொடங்கிய பிறகு ஆறுதல் சொல்வதைவிட, தொடங்கும் முன் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பதுதான் அவளுக்கு நாம் செய்யும் உண்மையான உதவி.